எட்டேகால் கோடி டாலர் எதன் விலை?

1990ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி மாலை, நியூயார்க் நகரின் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில், வின்சென்ட் வான்கோ வரைந்த ‘டாக்டர் காஷேயின் உருவப்படம்’ ஏலத்துக்கு வந்தது. நான்கு கோடி டாலரிலிருந்து ஐந்து கோடி டாலர் வரை போகலாம் என்று நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தது. ஏலக் கேள்வி சில நிமிடங்களிலேயே அந்த எல்லையைத் தாண்டிப் போய், ஏழரைக் கோடி டாலரில் சுத்தியல் தட்டப்பட்டது. வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய பத்து சதவீதக் கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் எட்டேகால் கோடி டாலர். அதுவரை எந்தக் கலைப்பொருளும் ஏலத்தில் அந்தத் தொகையை எட்டியதில்லை. அந்தச் சாதனையை முறியடிக்க மேலும் 14 ஆண்டுகள் ஆயின. கூடத்தில் அமர்ந்து ஏலம் கேட்டவர் தோக்கியோவைச் சேர்ந்த ஒரு கலை வணிகர். அவரை அனுப்பியவர் ஜப்பானியக் காகித ஆலை அதிபர் ரியோஎய் சைத்தோ. இரண்டு நாள் கழித்து அதே சைத்தோ, சோதபீஸ் ஏலத்தில் ரென்வாரின் படம் ஒன்றை 7.81 கோடி டாலருக்கு வாங்கினார்.

படத்தின் அளவு அதிகமில்லை. உயரம் சுமார் 67 சென்டிமீட்டர், அகலம் சுமார் 56 சென்டிமீட்டர். ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடலாம். வெள்ளைத் தொப்பியும் நீலக் கோட்டும் அணிந்த ஒரு மருத்துவர் சிவப்பு மேசையில் முழங்கையை ஊன்றி, வலக்கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். மேசைமேல் மஞ்சள் அட்டை போட்ட இரண்டு நாவல்கள். கண்ணாடிக் குவளையில் டிஜிட்டாலிஸ் என்னும் மருந்துச் செடியின் ஒரு கொத்து. பின்னணியும் நீலம், கோட்டும் நீலம்; ஆனால் இரண்டு நீலத்திலும் தூரிகை ஓடியிருக்கும் திசை வேறு. அந்த வேறுபாடு ஒன்றினாலேயே மனிதர் பின்னணியிலிருந்து பிரிந்து முன்னால் வருகிறார். 1890 ஜூனில், பாரிஸுக்கு அருகே ஓவெர் என்ற ஊரில் இது வரையப்பட்டது. நம் காலத்தின் மனமுடைந்த முகபாவத்தை அதில் கொண்டுவந்திருப்பதாக வான்கோ தம் ஓவிய நண்பர் கோகனுக்கு எழுதத் தொடங்கிய ஒரு கடித வரைவில் குறிப்பிட்டார். படம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகுமுன், ஜூலை 29ஆம் தேதி அவர் இறந்தார்.

இப்படிப்பட்ட ஒரு படம் எட்டேகால் கோடி டாலர் பெறுமா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அந்தத் தொகை எப்படி உருவானது என்பது ஒன்று. அந்தப் படம் மனிதர்களுக்கு எவ்வளவு வேண்டியது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பணம், சட்டம், உடைமை வரலாறு, ஏலமுறை ஆகியவற்றில் தெளிவான விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கான விடையைப் படத்தின் முன் நின்றுதான் தேட முடியும். ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்கும் உரியதாக எடுத்துக்கொள்வதால்தான், ஒரு சாரார் இதெல்லாம் வெறும் பணக்காரப் பித்து என்று கலையையே ஒதுக்குகிறார்கள். மறு சாரார் விலை ஏறியதே மேதைமைக்குச் சான்று என்று கொள்கிறார்கள். இரு தரப்பும் தவறு என்பதே என் முடிவு.

ஏல விலை என்பது என்ன என்பதை முதலில் பார்க்கலாம். நம் ஊர்க் கோவில் ஏலத்திலோ மீன் ஏலத்திலோ ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கேட்டிருப்போம். அங்கே பத்துப் பேர் கேட்டாலும் கடைசியில் மிஞ்சுவது இருவர். விலை நிற்கும் இடம், அந்த இருவரில் தோற்றவர் கையை இறக்கும் இடம். வென்றவர் மனத்தில் இன்னும் இரண்டு மடங்கு கொடுக்கும் துணிவு இருந்திருக்கலாம். அதை ஏலம் பதிவு செய்வதில்லை. மீன் ஏலத்தில் நாளைக்கும் மீன் வரும் என்பதால் விலை ஓர் அளவுக்குள் நிற்கும். காஷே படமோ ஒன்றே ஒன்று. அன்று மாலை அந்தக் கூடத்தில், இன்னொருவரும் அதே தீவிரத்தோடு கேட்டதால்தான் மதிப்பீட்டின் மேல்வரம்பான ஐந்து கோடி டாலர் ஏழரைக் கோடியானது. அந்த ஒருவர் வேறு ஊரில் இருந்திருந்தால், அதே படம் அதே மாலையில் பல கோடி டாலர் குறைந்து போயிருக்கக்கூடும். படத்தில் ஒரு தீற்றல்கூட மாறியிருக்காது. உலகமே ஒரு படத்துக்கு அளித்த மதிப்பு என்று நாம் படிக்கும் தொகை, உண்மையில் இரண்டு பேரின் ஒரு மாலைநேரப் போட்டியின் பதிவு.

ஆனாலும் அந்த இருவர் ஏன் இந்தப் படத்துக்காக வந்தார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கு நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

வான்கோ இறந்தபோது அவர் படங்களுக்குச் சந்தை என்று எதுவும் இல்லை. ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ என்ற படத்தை பெல்ஜியத்தைச் சேர்ந்த ஓவியர் அன்னா போஷ் 400 ஃப்ராங்குக்கு வாங்கியிருந்தார். வாழ்நாள் முழுவதும் அண்ணனைப் பணம் அனுப்பித் தாங்கிய தம்பி தியோ, ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில் இறந்துபோனார். நூற்றுக்கணக்கான படங்களும் கட்டுக்கட்டான கடிதங்களும், கைக்குழந்தையோடு இருபதுகளின் இறுதியில் விதவையான தியோவின் மனைவி யோவிடம் வந்து சேர்ந்தன. அவர் நெதர்லாந்தின் புஸ்ஸும் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். யோ அந்தப் படங்களை மொத்தமாக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடவில்லை. சிலவற்றை மட்டும் விற்று, சிறந்தவற்றைக் கைவசம் வைத்து, கண்காட்சிகளுக்கு இரவல் கொடுத்து, 1905இல் ஆம்ஸ்டர்டாமில் 450க்கு மேற்பட்ட படைப்புகளைக் கொண்ட பெருங்காட்சியை நடத்தினார். 1914இல் சகோதரர்களின் கடிதங்களை நூலாக வெளியிட்டார். மனம் பொறுக்காமல் நீண்ட காலம் பிரியாமல் வைத்திருந்த சூரியகாந்தி படத்தை 1924இல், வின்சென்டின் பெயருக்காக என்று எண்ணி, லண்டன் தேசியக் காட்சிக்கூடத்துக்குக் கொடுத்தார். வான்கோவின் பெயர் தானாகப் பரவியது என்று நினைப்பது யோவுக்குச் செய்யும் அநீதி.

காஷே படம் முதன்முதலில் விற்பனையானது 1897இல். கோபன்ஹேகனைச் சேர்ந்த ஒரு பெண்மணி 300 ஃப்ராங்கு கொடுத்து வாங்கினார்; அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 58 டாலர்.

அந்தக் காலத்தில் யாருக்குத்தான் பெருவிலை கிடைத்தது என்று தோன்றலாம். கிடைத்தவர்கள் இருந்தார்கள். வான்கோ காஷேயை வரைந்த அதே 1890இல், பாரிஸின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றை நடத்திய செல்வர் ஆல்ஃப்ரெட் ஷோஷார், எர்னெஸ்ட் மெய்சோனியே வரைந்த ‘1814, ஃபிரான்ஸ் போர்ப்பயணம்’ என்ற படத்தை எட்டரை லட்சம் ஃப்ராங்குக்கு வாங்கினார். பனியும் சேறும் கலந்த பாதையில் நெப்போலியன் வெள்ளைக் குதிரையில் வர, சோர்ந்த தளபதிகள் பின்தொடரும் காட்சி அது. குதிரையின் கால் மூட்டு ஒவ்வொன்றும் துல்லியமாக வரையப்பட்ட, உழைப்பு கொட்டிய படம். காஷே படத்தின் 300 ஃப்ராங்கோடு வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2,800 மடங்கு. இன்று மெய்சோனியேயின் பெயரைக் கலை வரலாறு படித்தவர்கள்தான் சொல்வார்கள். விலை ஏதோ ஓர் உள்ளார்ந்த தகுதியை அளக்கும் கருவியாக இருந்திருந்தால், இவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றத்துக்கு இடமிருந்திருக்காது. 1890இன் சந்தை அறிவற்றது என்றும் 1990இன் சந்தை அறிவுள்ளது என்றும் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. இரண்டும் தத்தம் காலத்தின் ஆசைகளைத்தான் எண்ணில் சொல்லின.

மெய்சோனியேயின் அந்தப் படம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அதே அருங்காட்சியகத்தில் காஷேயின் இன்னோர் உருவப்படமும் இருக்கிறது. இது அதிகம் பேசப்படாத செய்தி. நூல்கள் இல்லாத, வண்ணம் சற்று வேறான அந்த இரண்டாவது படத்தை மருத்துவரின் குடும்பத்தார் 1949இல் ஃபிரான்ஸ் அரசுக்கு நன்கொடையாக அளித்தார்கள். அது முழுக்க வான்கோவின் கைதானா என்ற ஐயத்தைச் சிலர் எழுப்பியதுண்டு. அருங்காட்சியகம் அதை வான்கோவின் படமாகவே காட்டுகிறது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகும் எவரும் அந்த மருத்துவரின் முகத்தைப் பார்க்க முடியும். அது விற்பனைக்கு வராது. ஆகவே அதற்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. விலையே இல்லாததால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக அதன் முன்னால் நிற்கும் எவரும் உணரமாட்டார்கள்.

விலை ஏறுவதற்கான மிக எளிய காரணமும் இங்கேதான் இருக்கிறது. வான்கோவின் படங்களில் பெரும்பாலானவை இப்படி அருங்காட்சியகங்களுக்குள் போய்விட்டன. அவை மீண்டும் சந்தைக்கு வரப்போவதில்லை. வெளியே இருக்கும் சொற்பமானவற்றில் தரமானவை அதிலும் சொற்பம். உலகில் செல்வர்களின் எண்ணிக்கை கூடக் கூட, அத்தனை கிராக்கியும் அந்த ஒரு கைப்பிடிப் படங்களின்மேல் விழுகிறது. வரத்து நின்றுபோன பொருளுக்கு யானை விலை குதிரை விலை சொல்லப்படுவதில் வியப்பில்லை.

இனி 1990க்கு வருவோம். 1985 செப்டம்பரில் டாலரின் மதிப்பைக் குறைக்க ஐந்து நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு, யென்னின் மதிப்பு டாலருக்கு எதிராக வேகமாக உயர்ந்தது. ஏற்றுமதி படுத்துவிடாமலிருக்க ஜப்பானிய மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்து, 1987 பிப்ரவரியில் 2.5 சதவீதத்தில் நிறுத்தியது. மலிவான கடன் நிலத்துக்கும் பங்குக்கும் போனது. நிலத்தின் விலை ஏறியதும் அந்த நிலத்தை ஈடாக வைத்து மேலும் கடன் வாங்கப்பட்டது. அந்தப் பணத்தின் ஒரு கிளை ஐரோப்பிய ஓவியங்களுக்குள் பாய்ந்தது. 1987 மார்ச்சில் ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனமான யாசுதா, ஒரு சூரியகாந்தி படத்தை லண்டனில் 2.475 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியத் தொழிலதிபர் ஆலன் பாண்ட், வான்கோவின் ‘ஐரிஸ் மலர்கள்’ படத்தை 5.39 கோடி டாலருக்கு எடுத்தார். அந்தத் தொகையில் பாதியை ஏலம் நடத்திய சோதபீஸ் நிறுவனமே அவருக்குக் கடனாகக் கொடுத்திருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. அவரால் பணத்தைக் கட்ட முடியாமல் போய், 1990இல் அந்தப் படம் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்துக்குச் சென்றது. விற்பவரின் முகவரே வாங்குபவருக்குக் கடன் கொடுத்து ஏற்றிவிட்ட ஒரு விலை, அடுத்தடுத்த ஏலங்களுக்கெல்லாம் அளவுகோலாக நின்றதைத்தான் நான் இந்தத் துறையின் பெரிய குறையாகக் காண்கிறேன். காஷே படம் ஏலத்துக்கு வந்தபோது தோக்கியோ பங்குச் சந்தை ஏற்கனவே இறங்கத் தொடங்கியிருந்தது. சைத்தோவின் எட்டேகால் கோடி, அந்தக் கடன்வெள்ளத்தின் கடைசி அலைகளில் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே கலைச் சந்தை சரிந்தது.

பணத்தைவிடப் பெயர் எவ்வளவு வலியது என்பதைக் காட்ட, இன்றுவரை ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போன படத்தையே எடுத்துக்கொள்ளலாம். லியொனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் ‘சால்வதோர் முந்தி’, அதாவது உலக இரட்சகர், 1958இல் லண்டனில் 45 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அப்போது அது லியொனார்டோவின் மாணவர் போல்ட்ராஃபியோவின் பெயரில் இருந்தது. 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஒரு ஏலத்தில் இரண்டு கலை வணிகர்கள் அதை 1,175 டாலருக்கு வாங்கினார்கள். வால்நட் மரப்பலகையில் ஒரு கணு; அந்தக் கணுவை ஒட்டிப் பலகை பிளந்திருந்தது. பிளவை மறைக்கப் பிற்காலத்தவர் பூசிய வண்ணத்தை நியூயார்க்கில் சீரமைப்பாளர் டயேன் மோடெஸ்டினி ஆண்டுக்கணக்கில் நீக்கியபோது, ஆசி கூறும் கையில் இரண்டாவது கட்டைவிரல் ஒன்று தெரிந்தது. ஓவியர் முதலில் ஓரிடத்தில் விரலை வரைந்து, பிறகு மனம் மாறி வேறு கோணத்தில் வரைந்திருக்கிறார். ஏற்கனவே உள்ள படத்தைப் பார்த்துப் பிரதி எடுப்பவருக்கு இப்படி மனம் மாற வேண்டிய தேவை இல்லை என்பது, இது மூலப்படம் என்று சொல்பவர்களின் முதன்மையான வாதங்களில் ஒன்று. 2011இல் லண்டன் தேசியக் காட்சிக்கூடம் அதை லியொனார்டோவின் படமாகவே காட்சிக்கு வைத்தது. வேறு சில அறிஞர்களோ, பெரும்பகுதி பட்டறையைச் சேர்ந்த மாணவர்களின் வேலை என்று இன்றும் சொல்கிறார்கள்.

2013இல் அது சுமார் எட்டுக் கோடி டாலருக்கு சுவிஸ் வணிகர் ஈவ் பூவியேயின் கைக்கும், உடனடியாக 12.75 கோடிக்கு ரஷ்யச் செல்வர் திமித்ரி ரிபோலோவ்லெவின் கைக்கும் போனது. 2017 நவம்பரில் கிறிஸ்டீஸ் அதை விற்றபோது, பழைய ஐரோப்பிய ஓவியங்களின் ஏலத்தில் வைக்காமல், போருக்குப் பிந்தைய, சமகாலக் கலைக்கான மாலை ஏலத்தில் வைத்தது. பெரும்பணம் வந்து உட்காரும் கூடம் அதுதான். ஹாங்காங், லண்டன், சான் ஃபிரான்சிஸ்கோ என்று படம் ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டது. அதைப் பார்ப்பவர்களின் கலங்கிய முகங்களை மட்டுமே காட்டும் விளம்பரப் படம் வெளியானது. மூன்றாம் தரப்பு ஒருவர் சுமார் பத்துக் கோடி டாலருக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தார். ஆகவே யாரும் கேட்காமலே போய்விடும் அபாயம் இல்லை. கேள்வி 37 கோடியில் நின்றபோது, தொலைபேசியில் இருந்தவரின் சார்பில் நேராக 40 கோடி என்று சொல்லப்பட்டது. கட்டணத்தோடு 45.03 கோடி டாலர்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,900 கோடி ரூபாய். சவூதி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வாங்கினார். 1958இன் 45 பவுண்டுக்கும் இதற்கும் இடையில் படம் சுத்தமாக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு பெயர். நாளை அறிஞர்கள் ஒருமனதாக அது மாணவரின் கை என்று முடிவு செய்தால், வண்ணமும் பலகையும் அப்படியே இருக்க, விலை மட்டும் காணாமல் போய்விடும்.

இப்படி நடந்ததற்கு முன்மாதிரி உண்டு. 1937இல் ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்துக்காக, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் மகத்தான படம் என்று போற்றப்பட்டு வாங்கப்பட்ட ‘எம்மாவுஸ் விருந்து’, ஹான் வான் மேகரன் என்பவர் வரைந்த போலி என்று 1945இல் அவரே ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டுகள் அதன் முன் நின்று கண்கலங்கியவர்கள் பொய்யாகக் கலங்கவில்லை. ஆயினும், பெயர் போனதும் மதிப்பு போனதை வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ஒரு கடிதம் யார் எழுதியது என்பது நமக்கு முக்கியம் என்றால், ஒரு படம் யார் கையால் ஆனது என்பதும் முக்கியமே.

உடைமை வரலாறு பொய்யானால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தெரிந்த செய்தி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோவிலிலிருந்து திருடப்பட்ட சோழர்கால நடராசர் திருமேனியை, ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் 2008இல் ஒரு நியூயார்க் வணிகரிடமிருந்து ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த ஆவணங்கள் போலி என்று தெளிவானபின், 2014 செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஐம்பது லட்சம், திருட்டை மறைத்த காகிதங்களின் விலையாகத்தான் இருந்தது. அந்த ஊருக்கு அவர் சாமி. விலை என்ற பேச்சே அங்கே எழுந்ததில்லை.

முதலீடாகவாவது இந்த விலைகள் பெறுமா? 58 டாலரில் தொடங்கி 93 ஆண்டில் எட்டேகால் கோடியானதைக் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 16 சதவீதத்துக்கு மேல் வருகிறது. எந்த வங்கியும் தராத வட்டி. ஆனால் இது வென்ற குதிரையை மட்டும் எண்ணும் கணக்கு. 1897இல் அதே 300 ஃப்ராங்குக்கு விற்று, இன்று பெயரே தெரியாமல் பரணில் கிடக்கும் படங்களை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் பாமல், மூன்று நூற்றாண்டுகளில் நடந்த ஓவிய மறுவிற்பனைகள் பலநூற்றை எடுத்துக் கணக்கிட்டு 1986இல் வெளியிட்ட ஆய்வில், விலைவாசி உயர்வைக் கழித்தபின் ஓவியங்கள் தந்த சராசரி வருவாய் ஆண்டுக்கு 0.55 சதவீதம் மட்டுமே என்றார். அரசுக் கடன்பத்திரங்கள் 2.5 சதவீதம் தந்திருந்தன. 2002இல் ஜியான்பிங் மெய், மைக்கேல் மோசஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஓவியங்கள் மொத்தத்தில் இதைவிட நன்றாகவே வருவாய் தந்திருந்தாலும், மிக அதிக விலை கொடுத்து வாங்கப்பட்ட தலைசிறந்த படங்களே மற்றவற்றைவிடக் குறைவாகச் சம்பாதித்தன என்று காட்டினார்கள். சாதனை விலைக்கு வாங்குபவர், ஆசை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வாங்குகிறார். அதற்குமேல் ஏற அதிக இடம் இருப்பதில்லை.

இத்தனை கைமாற்றங்களிலும் பணம் போகாத ஓரிடம் உண்டு. அது ஓவியரின் வீடு. 1973இல் நியூயார்க்கில் ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர், தாம் 1958இல் 900 டாலருக்கு வாங்கிய ராபர்ட் ரவுஷென்பர்க்கின் படத்தை 85,000 டாலருக்கு ஏலத்தில் விற்றார். ஏலம் முடிந்ததும் ரவுஷென்பர்க் அவரிடம் நேரில் போய், நீ லாபம் பார்க்கத்தான் நான் உழைத்தேனா என்று சண்டை பிடித்தார். இனி உன் புதிய படங்களுக்கும் விலை ஏறுமே என்று ஸ்கல் சொன்ன பதிலில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் உயிரோடு இருக்கும், இன்னும் வரைந்துகொண்டிருக்கும், பெயர் பெற்ற ஓவியருக்கு மட்டுமே அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001ஆம் ஆண்டு விதி, கலை வணிகர்கள் வழியாக நடக்கும் மறுவிற்பனைகளில் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு தர வேண்டும் என்கிறது. ஆனால் விலை எத்தனை கோடியானாலும் அந்தப் பங்கு 12,500 யூரோவைத் தாண்டாது. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 53ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப்படத்தில் ஓவியருக்குப் பங்கு உண்டு என்றும், அது பத்து சதவீதத்துக்கு மிகக் கூடாது என்றும் அது சொல்கிறது. இப்படி ஓர் உரிமை இருப்பதை நம் ஓவியர்களில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

இந்தியச் சந்தையும் இப்போது பெரிய எண்களுக்குப் பழகிவருகிறது. எம்.எஃப். ஹுசைன் 1954இல் வரைந்த ‘கிராம யாத்திரை’, 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.375 கோடி டாலருக்குப் போனது. அப்போது டெல்லியில் பணியாற்றிய ஒரு மருத்துவர் அதை வாங்கி, பின்னர் ஆஸ்லோவிலுள்ள மருத்துவமனைக்கு விட்டுச் சென்றிருந்தார். விற்ற பணம் மருத்துவர்களின் பயிற்சிக்குப் போகிறது. இந்த விலையில் ஒரு நல்ல காரியம் நடந்தது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். அம்ரிதா ஷேர்கிலின் ‘கதை சொல்பவர்’ 2023இல் டெல்லியில் 61.8 கோடி ரூபாய்க்கு விற்றது. இங்கே சட்டம் விலைக்குள் புகுந்து வேலை செய்வதைக் காணலாம்: ராஜா ரவிவர்மா, ஷேர்கில் உட்பட ஒன்பது பேரின் படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்கள், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. ஆகவே உலகச் செல்வர்கள் அனைவரும் போட்டிக்கு வரும் ஹுசைனின் சந்தை வேறு, இந்தியாவுக்குள் இருப்பவர்கள் மட்டுமே போட்டியிடும் ஷேர்கிலின் சந்தை வேறு. ஷேர்கிலின் படம் வெளிநாட்டு ஏலத்தில் நின்றிருந்தால் இன்னும் எத்தனை கோடி ஏறியிருக்கும் என்று வணிகர்கள் பேசுவதுண்டு. ஏறாமல் போனதால் ஷேர்கிலுக்கு ஒரு குறையும் இல்லை. படம் நம் நாட்டில் இருக்கிறது என்பதை நான் அந்த இழந்த கோடிகளைவிட மேலாகக் கருதுகிறேன்.

பெருவிலையால் நேரும் உண்மையான இழப்பு, படம் கண்ணிலிருந்து மறைவதுதான். ‘சால்வதோர் முந்தி’ 2018 செப்டம்பரில் அபுதாபி லூவ்ர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு விளக்கமின்றித் தள்ளிவைக்கப்பட்டது. 2019இல் பாரிஸ் லூவ்ரில் நடந்த மாபெரும் லியொனார்டோ கண்காட்சிக்கும் அது வரவில்லை. மூலப்படமா, மாணவர் படமா என்று கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டிய சர்ச்சைக்கு, பார்க்கக் கொடுக்காததையே விடையாக்கிவிட்டார்கள். அருங்காட்சியகங்களின் ஓராண்டுக் கொள்முதல் நிதி முழுவதையும் திரட்டினாலும் இத்தகைய ஒரு படத்தின் சட்டகத்தைக்கூடத் தொட முடியாத நிலை வந்துவிட்டது.

காஷே படம் ஒருகாலத்தில் பொதுச்சொத்தாக இருந்தது என்பதுதான் மேலும் வலிக்கிறது. 1910களின் தொடக்கத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த அது, கால் நூற்றாண்டு அங்கேயே இருந்தது. 1937இல் நாஜி அரசு அதைச் ‘சீரழிந்த கலை’ என்று பறிமுதல் செய்தது. நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹெர்மன் கோரிங் அதை வெளிநாட்டில் விற்றுப் பணமாக்கினார். ஆம்ஸ்டர்டாம் வழியாக அது யூத வங்கியாளர் சீக்ஃப்ரிட் கிரமார்ஸ்கியிடம் வந்து, அவர் குடும்பம் தப்பி ஓடியபோது கூடவே நியூயார்க்குக்குப் போனது. அந்தக் குடும்பம் அதைப் பல காலம் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுத்து, மக்கள் பார்க்க வழிசெய்தது. பிறகுதான் 1990இன் ஏலம். வாங்கிய மறு ஆண்டு சைத்தோ, தாம் இறந்தால் இந்தப் படங்களையும் தம்மோடு எரித்துவிட வேண்டும் என்று சொன்னதாகச் செய்தி வந்து உலகமே பதறியது. படத்தின்மேல் இருந்த பற்றைத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவர் பிறகு விளக்கினார். 1996இல் அவர் இறந்தார். படம் எரியவில்லை, தனியார் கைகளுக்கு மாறியது. ஆனால் 1990க்குப் பிறகு பொதுமக்கள் அதைப் பார்த்ததில்லை.

2019இல் ஷ்டேடல் அருங்காட்சியகம், வான்கோவின் புகழை ஜெர்மனி எப்படி உருவாக்கியது என்று ஒரு கண்காட்சி நடத்தியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் படங்கள் இரவல் வந்தன. காஷே வரவில்லை. 1937இல் படம் பறிபோனபோது அதன் சட்டகம் மட்டும் அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டிருந்தது. அந்தச் சட்டகத்தை எடுத்து, உள்ளே ஒன்றுமில்லாமல், சுவரில் மாட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் அதன் முன்னாலும் நின்றார்கள்.